கேப்டன் லட்சுமி: ஓய்வு பெறாத போர்வீரர்

ஜூலை 23 கேப்டன் லட்சுமியின் நினைவு நாள். 2012-ஆம் வருஷம் அதே நாளில் கான்பூர் நகரத்தில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 97. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கியவர். சென்னையில் பிறந்தவர். கான்பூர் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு டாக்டராக வாழ்ந்து மறைந்தவர்.

பட்டாளத்தில் இருந்தவருக்கு மரியாதை செய்வது எப்படி? ஆளும் வர்க்கத்தாருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மாலை போடுவார்கள், பதக்கம் குத்துவார்கள், சிலை வைப்பார்கள். அடுத்த நாள் மறந்துவிடுவார்கள். அவர் எதற்காகத் துப்பாக்கி எடுத்தார், யாருக்காகக் கஷ்டப்பட்டார், யுத்தம் முடிந்த பிறகு என்ன செய்தார் என்ற கேள்விகளை அவர்கள் எழுப்புவதில்லை. எழுப்பினால் பதில் அவர்களைச் சுடும்.

நாம் அந்தக் கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். கேப்டன் லட்சுமி சீருடையில் இருந்தது ஏறத்தாழ 2 வருஷம். சீருடை இல்லாமல் மக்களுக்குப் பணி செய்தது 65 வருஷம். இந்த இரண்டும் வேறு வேறு வாழ்க்கை அல்ல. ஒரே போராட்டத்தின் இரண்டு கட்டங்கள். ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நம் தோழர்கள் இதைப் புரிந்துகொள்வது அவசியம்.

வசதியான வீட்டுப் பெண்

லட்சுமி 1914 அக்டோபர் 24-ந் தேதி சென்னையில் பிறந்தார். தந்தை சுவாமிநாதன் ஹைகோர்ட்டில் பெயர் பெற்ற வக்கீல். தாய் அம்மு சுவாமிநாதன் மலபாரில் ஆனக்கரை என்ற ஊரைச் சேர்ந்தவர். தேசிய இயக்கத்தில் ஈடுபட்டவர். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் பார்லிமெண்டுக்குப் போனவர். தங்கை மிருணாளினி சாராபாய் புகழ் பெற்ற நடனக் கலைஞர்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. பங்களா இருந்தது, கார் இருந்தது, இங்கிலீஷ் படிப்பு இருந்தது. சுகமாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சின்ன வயதிலேயே அவர் மனம் வேறு திசையில் போயிற்று. மலபாரில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது, காட்டிலிருந்து வரும் பழங்குடி மக்களின் நிழல் பட்டாலே தீட்டு என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டார். ஒருநாள் நேராகப் போய் ஒரு பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து அழைத்து வந்து அவளோடு விளையாடினார். பாட்டிக்குக் கோபம் வந்தது. சிறுமி லட்சுமிக்கோ எதுவும் ஆகவில்லை! தீட்டு என்பது பொய் என்பதைப் புத்தகம் படித்து அல்ல, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

மீரத் சதி வழக்குக் காலத்தில், சரோஜினி நாயுடுவின் தங்கை சுகாசினி, வெள்ளையர் போலீசிடம் சிக்காமல் சில காலம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். கம்யூனிசம் என்ற சொல்லை இளம்பெண் லட்சுமி அவர் வாயிலாகத்தான் கேட்டறிந்தார். அந்த விதை முளைத்து மரமாக வெகு காலம் பிடித்தது. ஆனால் விதை அப்போதே விழுந்துவிட்டது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவ வைத்தியத்திலும் பெண்கள் நோயிலும் மேல்படிப்புப் படித்தார். திருவல்லிக்கேணியில் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1940-ல் சிங்கப்பூருக்குப் போனார்.

தோட்டக்காட்டுத் தமிழர்

சிங்கப்பூரில் ஏழைகளுக்காக அவர் ஒரு வைத்தியசாலை வைத்தார். அங்கே வந்தவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காகக் கப்பல் ஏறிய நம் ஜனங்கள். பண்ணையாரின் சவுக்கடிக்குத் தப்பிக் கடல் கடந்து போனவர்கள், அங்கே துரையின் பூட்ஸ் காலுக்கும் கங்காணியின் பிரம்புக்கும் கீழே மாட்டிக்கொண்டார்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டுவது, இருட்டிய பின் லயத்துக்குத் திரும்புவது, கூலியில் பாதியைக் கடைக்கும் கள்ளுக்கும் இழப்பது: இதுதான் அவர்கள் வாழ்க்கை.

அவர்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். தோட்டத்தில் கள்ளுக்கடை கூடாது என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். மனிதனாக மதிக்கச் சொல்லிக் கேட்ட அந்தக் குற்றத்துக்கு வெள்ளையர் சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. 5 தொழிலாளர் உயிர் போயிற்று. தலைவர் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள்.

இந்த உண்மையை மனதில் வைத்துக்கொண்டுதான் 1943-ஐப் பார்க்க வேண்டும். மலாயாவின் தோட்டக்காட்டுத் தமிழர் ஏன் ஆயிரம் ஆயிரமாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள்? நேதாஜியின் பேச்சில் மயங்கினார்கள் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. வெள்ளையன் குண்டு அவர்கள் மார்பில் ஏற்கெனவே பாய்ந்திருந்தது என்பது மற்றப் பாதி.

ரவிக்கையோடு போனவள், ரைபிளோடு நின்றாள்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று பீற்றிக்கொண்ட பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம், தன் பட்டாளத்து இந்தியச் சிப்பாய்களை அம்போ என்று விட்டுவிட்டுச் சரணடைந்தது. காயம் பட்ட போர்க் கைதிகளுக்கு டாக்டர் லட்சுமி வைத்தியம் பார்த்தார். கைதிகளிலிருந்தே இந்திய தேசிய ராணுவம் உருவாயிற்று.

1943 ஜூலை 2-ந் தேதி நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பெண்களும் ஆயுதம் தாங்கிப் போராட வேண்டும் என்றார். இந்தக் காரியத்தை எடுத்து நடத்த யார் வருவார்கள் என்று தேடியபோது 28 வயது டாக்டர் லட்சுமி முன்வந்தார். சில நாட்களுக்குள் 20 பெண்களைத் திரட்டி, புடவை கட்டிய கோலத்திலேயே கையில் கனமான ரைபிளைக் கொடுத்து, நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்ய வைத்தார். அதன் பிறகு வீடு வீடாக, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தார். 1943 அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்தது. அதே மாதம் 21-ந் தேதி அமைந்த ஆசாத் ஹிந்த் தற்காலிக சர்க்காரில் லட்சுமி மந்திரியானார்.

ஜான்சி ராணி படையில் சேர்ந்த நூற்றுக்கணக்கான பெண்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள் அவர்களில் ஏராளம். எழுத்து வாசனை இல்லாதவர்களும் இருந்தார்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவரும் அதே படையில்தான் சேர்ந்தார். லட்சுமிக்கு அடுத்த தளபதியாக உயர்ந்தார். எஜமானி வீட்டுப் பெண்ணும் பால்வெட்டுக்காரியும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரே சமையலைச் சாப்பிட்டார்கள். சாதி என்ன, மதம் என்ன என்று பட்டாளத்தில் யாரும் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை நம் தாய்மார்களும் சகோதரிகளும் கவனிக்க வேண்டும். அடுப்பங்கரையும் தோட்டமும் தவிர வேறு உலகம் அறியாத பெண், கங்காணியைக் கண்டால் தலை குனிந்த பெண், சில மாதப் பயிற்சியில் காக்கி உடுத்தி, ரைபிள் ஏந்தி, வரைபடம் படித்து, நிமிர்ந்து நின்றாள். பெண்ணால் முடியாது என்று ஆயிரம் வருஷமாகச் சொன்ன பொய் சில மாதங்களில் தூளாயிற்று. பெண்ணுக்கு இல்லாதது சக்தி அல்ல. அந்தச் சக்தியைத் திரட்டும் ஸ்தாபனம்தான் இல்லாமல் இருந்தது.

1944-ல் இம்பால் முனையில் தாக்குதல் தோற்றது. மழையும் பசியும் மலேரியாவும் குண்டைவிட அதிகம் பேரைக் கொன்றன. ஜான்சி ராணி படை பர்மாவுக்குப் போனபோதிலும் போர்முனைக்கு அனுப்பப்படும் முன்பே பின்வாங்கும் கட்டம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளில் காயம் பட்டவர்களைக் காப்பதே அப்பெண்களின் பெரிய வேலையாயிற்று. 1945-ல் லட்சுமி பர்மாவில் பிரிட்டிஷார் கையில் சிக்கினார். 1946 மார்ச்சில்தான் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

மறைக்க வேண்டியது எதுவும் இல்லை

இங்கே ஒரு கேள்வி எழும். கம்யூனிஸ்டுகள் அந்த நாளில் நேதாஜியின் வழியை ஏற்கவில்லையே என்று நம் எதிரிகள் கேட்பார்கள். உண்மைதான். ஹிட்லரும் டோஜோவும் உலகத்தை விழுங்க வந்த காலம். பாசிசத்தை ஒழிப்பதே முதல் கடமை என்று கட்சி கருதியது. ஜப்பானிய ராணுவத்தின் உதவியால் தேச விடுதலை வரும் என்பதை ஏற்க மறுத்தது. சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கான தமிழ்க் கூலிகளைச் சாகவிட்டவர்களும் அதே ஜப்பானிய ராணுவத்தார்தான். அந்த நாளில் கடுமையான வார்த்தைகளும் பேசப்பட்டன. நேதாஜியின் தேசபக்தி ஐயத்துக்கு இடமில்லாதது என்பதைப் பிற்காலத்தில் கட்சித் தலைவர்கள் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

வழி பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. வெள்ளையன் வெளியேற வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரையும் வெள்ளையர் விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். ஒரு முஸ்லிம், ஒரு ஹிந்து, ஒரு சீக்கியர். தேசம் கொதித்து எழுந்தது. கல்கத்தா வீதிகளில் மாணவரும் தொழிலாளரும் போலீஸ் குண்டுக்கு மார்பு காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் செங்கொடியும் பறந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கலகக் கொடி உயர்த்தினார்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து அவர்கள் பக்கம் நின்றார்கள். இனி இந்தியச் சிப்பாயை நம்பி இந்தியாவை ஆள முடியாது என்று வெள்ளையனுக்குப் புரிந்தது.

விடுதலைக்குப் பின் கிடைத்த பரிசு

வெள்ளையன் போனான். தேசிய ராணுவ வீரர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. வெள்ளையனுக்கு விசுவாசமாக இருந்த அதிகாரி பதவி உயர்வு பெற்றான். தேசத்துக்கு விசுவாசமாக இருந்த சிப்பாய் வேலை தேடி அலைந்தான். சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் 1972-ல்தான் வந்தது. சுதந்திரம் கிடைத்து 25 வருஷம் கழித்து! அதற்கும் அத்தாட்சிக் காகிதம் கேட்டார்கள். பர்மாக் காட்டில் நடந்தே உயிர் தப்பி வந்தவன் காகிதத்துக்கு எங்கே போவான்?

மலாயாவுக்குத் திரும்பிய வீரர்கள் மறுபடியும் பால்மரத்தடிக்குப் போனார்கள். ஆனால் பழைய ஆட்களாகப் போகவில்லை. அணிவகுத்து நிற்கக் கற்றவர்கள் சங்கம் கட்டினார்கள். தேசிய ராணுவத்தில் இருந்த தோழர் கணபதி, நம் தஞ்சை மண்ணின் மகன், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷார் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்திய நாள் தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த கையே மலாயாவில் இந்தியத் தொழிலாளியின் கழுத்தில் கயிறு மாட்டியது. ஏகாதிபத்தியத்தின் சுபாவம் இதுதான்.

கான்பூர் வாழ்க்கை

1947 மார்ச்சில் லட்சுமி, பிரேம் சகலை லாகூரில் மணந்துகொண்டார். இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். நம் கோயமுத்தூர் போல அதுவும் ஆலைகளின் ஊர். ஆயிரக்கணக்கான தொழிலாளர் சந்து பொந்துகளில் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். 1955-ல் ஆட்குறைப்பை எதிர்த்து ஜவுளித் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர்.

அந்த ஊருக்கு டாக்டர் லட்சுமி வந்த நேரத்தில் தேசம் பிளவுபட்டது. வீடும் நிலமும் இழந்த அகதிகள் மேற்கிலிருந்து வந்து குவிந்தார்கள். லட்சுமி அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஹிந்து என்றும் முஸ்லிம் என்றும் பார்க்கவில்லை. அப்போது தொடங்கிய பணி 60 வருஷத்துக்கு மேல் நிற்கவில்லை. ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பதே அவர் முக்கிய வேலை. கொடுக்க முடிந்தவர் கொடுத்தார்கள். முடியாதவரிடம் அவர் கேட்கவில்லை. 92 வயதிலும் காலையில் வைத்தியசாலைக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார்.

தோழர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் நினைத்திருந்தால் என்ன பதவி கிடைத்திராது? நேதாஜியின் மந்திரி சபையில் இருந்தவர். தாயார் காங்கிரஸ் பார்லிமெண்ட் உறுப்பினர். ஒரு வார்த்தை சொன்னால் கவர்னர் மாளிகையின் கதவு திறந்திருக்கும். அவர் கேட்டது கவர்னர் மாளிகை அல்ல. ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு இடுப்பு வலி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் உரிமையைத்தான் கேட்டார்.

57-ஆம் வயதில் செங்கொடியின் கீழ்

1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். டாக்டர்கள் தேவை, மருந்து தேவை என்று மேற்கு வங்கத்திலிருந்து தோழர் ஜோதி பாசு வேண்டுகோள் விடுத்தார். லட்சுமி துணியும் மருந்தும் திரட்டிக்கொண்டு எல்லைப்புற முகாம்களுக்குப் போய்ப் பல வாரங்கள் வேலை செய்தார். செங்கொடித் தொண்டர்கள் இரவு பகல் பாராமல் அகதிகளுக்கு உழைப்பதை நேரில் பார்த்தார். திரும்பி வந்து மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 57-ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயது!

ஜான்சி ராணி படையின் தளபதி ஏன் செங்கொடியின் கீழ் வந்தார்? விடுதலை மூன்று வகை என்று அவர் சொல்லி வந்தார். அந்நியனிடமிருந்து பெறும் அரசியல் விடுதலை ஒன்று. பொருளாதார விடுதலை இரண்டு. சமூக விடுதலை மூன்று. முதலாவது மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது அவர் முடிவு. மூன்றில் இரண்டு பங்கு யுத்தம் பாக்கி இருக்கும்போது எந்தப் போர்வீரர் துப்பாக்கியைக் கீழே வைப்பார்? வைக்காதவர் போக வேண்டிய இடத்துக்குத்தான் அவர் வந்தார்.

1981-ல் சென்னையில் கூடிய மாநாட்டில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் பிறந்தது. அதை நிறுவியவர்களில் கேப்டன் லட்சுமியும் ஒருவர். 40 வருஷத்துக்கு முன் தோட்டம் தோட்டமாகப் பெண்களைத் திரட்டியவர், இப்போது ஊர் ஊராகத் திரட்டினார்.

1984-ல் இந்திரா காந்தி கொலையான பின் சீக்கியர் மீது வெறியாட்டம் நடந்தது. கான்பூரிலும் ரத்தம் ஓடியது. 70 வயது லட்சுமி வீதியில் இறங்கி வெறிக்கும்பலுக்குக் குறுக்கே நின்றார். தம் வைத்தியசாலையைச் சுற்றியிருந்த சீக்கியர் கடைகளையும் வீடுகளையும் தொடவிடவில்லை. கையில் ரைபிள் இல்லை. நெஞ்சில் மட்டும் பழைய உறுதி இருந்தது. அதே வருஷம் டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு உறங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. வைத்தியர் குழுவுக்குத் தலைமை தாங்கி அங்கேயும் போனார்.

தோல்வி என்று தெரிந்தும் நின்றவர்

1998-ல் தேசம் அவருக்குப் பத்மவிபூஷண் விருது கொடுத்தது. 2002-ல் ராஷ்டிரபதி தேர்தல் வந்தது. குஜராத்தில் முஸ்லிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்ட வருஷம் அது. பாரதிய ஜனதா அணி அப்துல் கலாமை நிறுத்தியது. காங்கிரசும் மற்றப் பெரிய கட்சிகளும் அவரை ஆதரித்தன. முடிவு என்ன என்பது முதல் நாளே தெரியும். போட்டியின்றி விட்டுவிடக் கூடாது, கொள்கையைச் சொல்ல ஒரு குரல் வேண்டும் என்று இடதுசாரிக் கட்சிகள் முடிவு செய்தன. 87 வயது கேப்டன் லட்சுமி அந்தப் பொறுப்பை ஏற்றார். கலாமுக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 9,22,884. லட்சுமிக்குக் கிடைத்தது 1,07,366.

தோற்பதற்காகவா நிற்பது என்று சிலர் சிரித்தார்கள். வேலைநிறுத்தம் செய்த எந்தத் தொழிலாளிக்கும் இதற்குப் பதில் தெரியும். கேட்டது முழுவதும் இந்த முறை கிடைக்காது என்று தெரிந்தும் ஆலை வாசலில் நிற்கிறோம். ஏன்? நிற்காவிட்டால் நம்மைத் தலையாட்டிகள் என்று முதலாளி எழுதிக்கொள்வான். இம்பாலில் தோற்ற பட்டாளம் செங்கோட்டையில் ஜெயிக்கவில்லையா? தோல்வியின் கணக்கும் வெற்றியின் கணக்கும் ஒரே நாளில் முடிவதில்லை.

2012 ஜூலை 19-ல் மாரடைப்பு வந்தது. 23-ந் தேதி உயிர் பிரிந்தது. தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். அவர் விருப்பப்படியே அது கான்பூர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரை உடைய தலைவர் யார் தெரியுமா? 1931-ல் கான்பூர் மதக் கலவரத்தில் ஹிந்துக்களையும் முஸ்லிம்களையும் காப்பாற்றப் போய்த் தம் உயிரைக் கொடுத்தவர். கேப்டன் லட்சுமியின் கடைசி முகவரி அந்தப் பெயரின் கீழ் அமைந்தது பொருத்தம்தானே!

நாம் செய்ய வேண்டியது

போர்வீரனைப் பற்றி இன்று பெரிய மேடைகளில் முழங்குகிறார்கள். முழங்குகிறவர்கள் 2022-ல் என்ன செய்தார்கள்? அக்னிபாத் என்ற பெயரில் பட்டாளத்தில் 4 வருஷ வேலையைக் கொண்டுவந்தார்கள். 4 வருஷம் முடிந்தால் நூற்றுக்கு 25 பேர் வரைதான் உள்ளே இருக்கலாம்; மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும், ஓய்வூதியமும் இல்லை. ஆலையில் காண்ட்ராக்ட், வயலில் தினக்கூலி, பட்டாளத்திலும் காண்ட்ராக்ட்! சிப்பாய் என்பவன் யார்? சீருடை உடுத்திய விவசாயி மகன், தொழிலாளி மகன். அவன் நெற்றியில் திலகம் வைத்து, வயிற்றில் அடிப்பதற்குப் பெயர் தேசபக்தி அல்ல.

கேப்டன் லட்சுமியைப் போற்றுவது என்றால் மாலை போட்டுவிட்டுக் கலைவது அல்ல. செய்யக்கூடிய காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

முதலாவது, மலாயாவிலும் பர்மாவிலும் தேசிய ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் நம் கிராமங்களில் இருக்கின்றன. பாட்டன் சொன்ன கதை, பெட்டியில் கிடக்கும் போட்டோ, பழுப்பேறிய காகிதம், எது கிடைத்தாலும் நம் கிளைத் தோழர்கள் எழுதி வைக்க வேண்டும். ராஜாக்களின் சரித்திரத்தைச் சர்க்கார் எழுதும். பால்மரம் வெட்டியவளின் சரித்திரத்தை நாம்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, சங்கக் கூட்டங்களில் பெண்களைப் பின்வரிசையில் உட்கார வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். நாற்று நடும் பெண்ணும் ஸ்பின்னிங்கில் நிற்கும் பெண்ணும் கமிட்டியில் இருக்க வேண்டும். 1943-ல் தோட்டக்காட்டுப் பெண்ணால் பட்டாளத்தில் செக்‌ஷன் நடத்த முடிந்ததென்றால், இன்று நம் பெண்களால் சங்கம் நடத்த முடியாதா?

மூன்றாவது, ஊரில் சாதியின் பேராலோ மதத்தின் பேராலோ நெருப்பு மூளும் நாளில் செங்கொடித் தோழர் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. 70 வயதுக் கிழவி வீதியில் நின்ற கதையை அன்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, உழைப்பவர் வாழும் இடத்தில் ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும் என்ற கோரிக்கையை விடாமல் எழுப்ப வேண்டும். பிரசவ அறையில் ஏழைப் பெண் சாவது விதி அல்ல என்று நிரூபிக்கவே ஒருவர் 60 வருஷம் உழைத்தார்.

கேப்டன் என்ற பட்டம் அவருக்கு 1943-ல் வந்தது. லெப்டினென்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தும் மக்கள் அவரைக் கேப்டன் என்றே அழைத்தார்கள். வேறு எந்தப் பட்டமும் ஒட்டவில்லை. பட்டாளம் கலைந்து 65 வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. மக்கள் கண்ணில் அவர் என்றும் பணியிலேயே இருந்தார்.

பாக்கி இருக்கும் இரண்டு பங்கு விடுதலையை வென்றெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அணியில் இடம் காலியாக இருக்கிறது. உழைக்கும் மக்களின் மகனும் மகளும் வந்து நிற்கட்டும்!

கேப்டன் லட்சுமிக்கு நமது செவ்வணக்கம்!